நுரை நிற்கும் நேரம்: கார்வேட்டிநகரத்துக் கள்ளும் ஆயத்தீர்வையின் வரலாறும்

விடியலில் மரத்திலிருந்து இறங்கும் கலயத்தின் வாயில் வெண்ணுரை பொங்கி நிற்கும். வெயில் ஏற ஏற அது மேலும் பொங்கும். மறுநாளைக்குள் நுரை அடங்கி, கள் புளித்துக் காடியின் திசையில் போய்விடும். கண்ணாடிக் குவளையில் ஊற்றிய பீரின் நுரையோ சில நிமிடங்களே நிற்கும். ஆனால் அந்தச் சில நிமிடங்களை எந்த ஊரிலும், எத்தனை மாதம் கழித்தும், புட்டியைத் திறந்து மீண்டும் பெறலாம். ஒன்று மரத்தடியில் மட்டுமே கிடைக்கும் நுரை. மற்றொன்று பயணம் செய்யும் நுரை. மதுவைப் பற்றிய வரலாற்றெழுத்து வருவாய், சாதி, ஒழுக்கம், தேசியம் ஆகியவற்றை விரிவாகப் பேசியிருக்கிறது. நுரைக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கால வேறுபாட்டை அது பெரும்பாலும் கவனித்ததில்லை. பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் வடபகுதியில், இன்றைய ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் உள்ள கார்வேட்டிநகரத்தின் வரலாறு, இவ்வேறுபாடு வரியையும் சட்டத்தையும் எவ்வாறு வடிவமைத்தது என்பதைக் காட்ட வல்லது.

முதலில் நுரை என்பது யாதெனக் காண வேண்டும். திரவத்தில் கரைந்திருக்கும் கரியமிலவாயு குமிழிகளாக மேலெழுகிறது. குமிழியின் சுவரில் பற்றிக்கொள்ளும் பொருள் ஏதும் இல்லையெனில், சோடாவில் நிகழ்வதுபோல அது மேற்பரப்பை அடைந்ததும் உடைந்துபோகும். பீரில் அப்படிப்பட்ட பொருள்கள் உண்டு. பார்லி முளையிலிருந்து வரும் சில புரதங்கள் நீரை வெறுக்கும் தம் பக்கத்தைக் காற்றின் பக்கமாகத் திருப்பி, குமிழியைச் சுற்றி ஒரு தோலாகப் படிகின்றன. ஹாப்ஸ் பூவைக் கொதிக்கவைக்கும்போது உண்டாகும் கசப்பு அமிலங்கள் அப்புரதங்களோடு பிணைந்து தோலை இறுக்குகின்றன. அதன் பின்னும் நுரை மூன்று வழிகளில் அழியும்: குமிழிகளுக்கிடையே உள்ள நீர் கீழே வடியும்; அண்டைக் குமிழிகள் ஒன்றாகும்; சிறு குமிழியின் வாயு கரைந்து பெருங்குமிழிக்குள் புகும். கரியமிலவாயு எளிதில் கரைவதால் மூன்றாவது அழிவு விரைவாக நடக்கிறது. 1959இல் கின்னஸ் நிறுவனத்தின் மைக்கேல் ஆஷ் உருவாக்கிய முறை, எளிதில் கரையாத நைட்ரஜனைச் சேர்த்து இவ்வழிவைத் தாமதப்படுத்தியது. அந்த பீரின் நுரை பாலாடைபோல நிற்பதற்கு இதுவே காரணம்.

வீட்டில் பீர் தயாரிப்போர் நுரையை நிறுத்தக் கையாளும் உபாயங்கள் யாவும் இவ்விதிகளுக்குள் அடங்கும். கோதுமை முளையைக் கூட்டுவது புரதத்துக்காக. ஹாப்ஸை மிகுப்பது தோல் இறுகுவதற்காக. குவளையில் எண்ணெய்ப் பசையோ சோப்போ ஒட்டாமல் கழுவுவது அத்தோல் கிழியாதிருப்பதற்காக. அரிசியையோ சர்க்கரையையோ மிகுதியாகச் சேர்த்தால் புரதம் நீர்த்து நுரை தளரும். இந்த அறிவு 20ஆம் நூற்றாண்டில் அளவீடாகவும் மாறியது. 1939இல் ராஸ், கிளார்க் ஆகியோரும் 1957இல் ருடினும் நுரையின் ஆயுளை அளக்கும் முறைகளை வகுத்தனர். 2002இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்ன்ட் லைக்கே மூன்று வகை பீர்களின் நுரை, கதிரியக்கத் தனிமங்களைப் போலவே அடுக்குக்குறி விதிப்படி தேய்வதை அளந்து காட்டி, நகைப்புக்குரிய ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசைப் பெற்றார். பரிசு வேடிக்கையானது, செய்தி வேடிக்கையானதன்று. ஒரு மதுவின் நுரைக்கு நிலையான ஆயுள் உண்டென்றால், அம்மதுவைத் தரப்படுத்தலாம். தரப்படுத்தக்கூடியதை ஆலையில் செய்து, அளந்து, வரி விதித்து, ஏற்றுமதி செய்யலாம்.

தானிய முளையிலிருந்து வீட்டில் மது ஆக்கும் முறை தொண்டை நாட்டுக்குப் புதியதன்று. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் அரிசிமது ஆக்கப்படும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, அகன்ற வாயுடைய பிழாவில் ஆற்றி, அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்து வடித்தெடுப்பது அம்முறை. அந்த அடையை முளையை இடித்துச் சேர்த்ததாக உரை மரபு பொருள் கொள்கிறது. அப்பொருளின்படி நோக்கினால் இது ஹாப்ஸ் இல்லாத, அரிசியாலான பீரே. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க முளையின் நொதியைப் பயன்படுத்தும் அதே தத்துவம் இதிலும் செயல்படுகிறது. அரிசியில் நுரைக்கு உதவும் புரதம் குறைவு. கசப்பு அமிலமோ அறவே இல்லை. எனவே அதில் நீடித்த நுரையை எதிர்பார்ப்பதற்கில்லை. அப்பாட்டுப் பகுதியும் விளைவையும் மணத்தையும் வடிப்பையும் சொல்கிறதேயன்றி நுரையைச் சொல்லவில்லை. வேங்கடத்தை வடவெல்லையாகக் கொண்ட அந்த நாட்டில் மதுவின் தரம் நுரையின் ஆயுளால் அளக்கப்படவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

கார்வேட்டிநகரத்தைச் சூழ்ந்த குன்றுகளுக்கும் ஏரிகளுக்கும் இடையே வாழ்ந்தோரின் அன்றாட மது தானியத்திலிருந்து வரவில்லை. பனையிலிருந்தும் ஈச்சமரத்திலிருந்தும் வந்தது. தெலுங்கில் தாட்டிக் கல்லு, ஈதக் கல்லு என இரண்டும் தனித்தனிப் பெயர் பெறும். ஈச்சமரத்தில் தண்டின் மேற்பகுதியைச் சீவிக் குளிர்காலத்தில் சாறு எடுப்பர். பனையில் பாளையை நசுக்கி, நாள்தோறும் நுனியைச் சீவி, கோடையை ஒட்டிய மாதங்களில் எடுப்பர். இவ்வட்டாரத்தில் இத்தொழில் பெரும்பாலும் ஈடிகர் சமூகத்தாரிடம் இருந்தது. சாற்றில் ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு விழுக்காடு வரை சர்க்கரை இருக்கும். அது கலயத்தில் சொட்டும்போதே, முந்தைய நாளின் எச்சத்தில் உறங்கும் ஈஸ்டும் சைமோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்களும் வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கும்போது பாதி வழி கடந்திருக்கும்.

கள்ளின் நுரை பீரின் நுரையிலிருந்து அடிப்படையிலேயே வேறுபடுவது இவ்விடத்தில்தான். கள்ளில் பார்லிப் புரதமும் இல்லை; ஹாப்ஸும் இல்லை. ஈஸ்டின் செல்சுவரிலிருந்து கசியும் பொருள்களும், சில பாக்டீரியாக்கள் சர்க்கரையிலிருந்து நெய்யும் பசையும் குமிழிகளுக்கிடையே நீர் வடிவதைச் சற்றுத் தாமதப்படுத்தலாம். ஆயினும் கலயத்தின் வாயில் நுரை நிற்பதற்கு முதற்காரணம், கீழே நொதித்தல் ஓயாமல் நடப்பதும், உடையும் குமிழிக்குப் பதிலாகப் புதுக்குமிழி எழுந்துகொண்டே இருப்பதும் ஆகும். பீரின் நுரை திரவத்தின் பண்பு. கள்ளின் நுரை ஒரு நிகழ்வு. நிகழ்வு நின்றால் நுரையும் நின்றுவிடும். ஆகையால் குடிப்போனுக்கும் விற்போனுக்கும் அது ஒரு கடிகாரமாகப் பயன்பட்டது. மென்மையாகப் பொங்குவது இளங்கள், வேகமாகப் பொங்குவது முற்றிவருவது, அடங்கியது பழங்கள்.

இக்கடிகாரத்தை ஓடவிடாமல் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு. அதுவே சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் சாற்றின் காரத்தன்மை உயர்ந்து நுண்ணுயிர்கள் ஒடுங்கும், நுரை எழாது, இனிப்பு மாறாத பதநீர் கிடைக்கும், அதைக் காய்ச்சினால் வெல்லமாகும். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கை. கலயத்தின் உள்ளே ஒரு பூச்சு இருக்கிறதா இல்லையா என்பதே உணவுக்கும் மதுவுக்கும் இடைப்பட்ட எல்லை. இந்த எளிய உண்மையின்மேல் ஒரு நூற்றாண்டுச் சட்டம் எழுப்பப்பட்டது.

பொம்மராஜபாளையம் எனப் பழைய ஆவணங்களில் குறிக்கப்படும் கார்வேட்டிநகரப் பாளையம், ஆர்க்காட்டு நவாபின் மேலாட்சியிலிருந்து கும்பினியின் கைக்கு மாறி, 1802ஆம் ஆண்டின் நிரந்தர ஏற்பாட்டில் ஜமீனாயிற்று. புத்தூர், நாராயணவனம், திருத்தணி ஆகியவை அந்த ஜமீனைச் சேர்ந்தவை. ஜமீன்தார் நிலத்துக்குரியவரானார், ஆண்டுதோறும் பேஷ்கஷ் செலுத்தக் கடமைப்பட்டார். ஆனால் 1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குவிதி, சில வருவாய்களை அரசுக்கென்றே ஒதுக்கி வைத்தது. உப்பு, வெடியுப்பு, சுங்கம் ஆகியவற்றோடு ஆப்காரி எனப்பட்ட மதுத்தீர்வையும் அவற்றுள் ஒன்று. விளைவு விந்தையானது. ஏரிக்கரையில் நின்ற பனைமரம் ஜமீனுக்கு உட்பட்டது. அதன் ஓலையும் நுங்கும் கட்டையும் உள்ளூர் உரிமைகளின்படி பங்கிடப்பட்டன. அதே பனையின் பாளையிலிருந்து நுரைத்து வந்ததன்மேல் தீர்வை விதிக்கும் உரிமை மட்டும் சென்னைக் கோட்டைக்குச் சென்றது. சாரங்கபாணியின் பதங்களுக்கும் வேணுகோபாலசாமி கோயிலுக்கும் பெயர்பெற்ற அரசவை ஊர் ஒன்றில், அரசருக்குக் கள்ளின்மேல் அதிகாரமில்லை.

கும்பினி முதலில் கையாண்டது குத்தகை முறை. ஒரு வட்டாரத்தின் மது விற்பனை உரிமையை ஏலத்தில் எடுத்தவர், தம் விருப்பப்படி வசூலித்துக்கொண்டார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு நேரடிக் கட்டுப்பாட்டை நாடியது. 1886ஆம் ஆண்டின் 1ஆம் சட்டமான சென்னை ஆப்காரிச் சட்டம் அதன் விளைவு. சாராயத்தைப் பொறுத்தவரை வழி தெளிவாக இருந்தது. வடிசாலையில் வடித்து, அடர்த்திமானியால் செறிவை அளந்து, காலனுக்கு இவ்வளவு என விதித்துவிடலாம். பீரும் அவ்வாறே ஆலையில் அளக்கப்பட்டது. பெங்களூரிலும் நீலகிரியிலும் இயங்கிய ஐந்து பீர் ஆலைகளை 1915இல் ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் லீஷ்மன் யுனைடெட் புரூவரீஸ் என ஒன்றிணைத்தார். ராணுவ முகாம்களுக்குப் பீப்பாய்களில் சென்ற அந்த பீர், ஆலையில் அளந்த அளவிலேயே குவளையை அடைந்தது. புறப்பட்ட இடத்தின் கணக்கும் சேர்ந்த இடத்தின் கணக்கும் ஒத்துப்போகும் பொருளை நிர்வாகம் விரும்புவது இயல்பு.

கள் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. சர்க்கரை திரவத்தின் அடர்த்தியைக் கூட்டும், ஆல்கஹால் குறைக்கும். கள்ளில் முன்னது மணிதோறும் பின்னதாக மாறிக்கொண்டிருக்கிறது. காலையில் அளந்த கலயமும் மாலையில் அளந்த கலயமும் வெவ்வேறு பொருள்கள். அளக்க முடியாத திரவத்தை விட்டுவிட்டு, அசையாமல் நிற்கும் மரத்தை அரசு எண்ணத் தொடங்கியதன் பொருத்தம் இங்கே விளங்கும். மரவரி முறையில் ஒவ்வொரு மரமும் எண்ணிடப்பட்டு, இனத்துக்கேற்ற வரிக்கு உட்பட்டது. கடையின் உரிமை தனியாக ஏலம் போயிற்று. 1886ஆம் ஆண்டுச் சட்டம், நொதித்ததாயினும் நொதிக்காததாயினும் பனை, தென்னை, ஈச்ச மரங்களின் சாறு யாவும் கள்ளே என வரையறுத்ததையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நுரை எழுந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டிய தேவையை அவ்வரையறை நீக்கிவிட்டது. வரி வாங்கும் அரசுக்கு நுரை ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

அதைப் பொருட்டாக்கியது மதுவிலக்கு. ராஜாஜியின் அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, 1938 அக்டோபரில் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கு விரிவாக்கியது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் கார்வேட்டிநகரம் சேர்ந்திருந்ததால், அங்கே ஒரே இரவில் கள் இறக்குதல் குற்றமாயிற்று. இழந்த ஆயத்தீர்வையை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தது. அரசின் இழப்பு இவ்வாறு நிரப்பப்பட்டது. மரமேறியின் இழப்புக்குக் காட்டப்பட்ட வழி பதநீரும் வெல்லமும். உரிமம் பெற்று, கலயத்தில் சுண்ணாம்பு பூசி, இனிப்புச் சாற்றை மட்டும் இறக்கலாம். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் இந்த நோக்கத்தோடு ஊக்குவிக்கப்பட்டன. காந்தியடிகளின் கிராமத் தொழில் சிந்தனையும் நீராவையும் பனைவெல்லத்தையும் ஆதரித்தது.

திட்டத்தின் நல்லெண்ணத்தை ஐயுறத் தேவையில்லை. ஆனால் அது மரமேறியை நிறுத்திய இடம் கடினமானது. நேற்றுவரை எல்லாச் சாறும் வரிக்குரிய கள். இன்று நொதிக்காத சாறு உணவு, நொதித்த சாறு குற்றம். இரண்டையும் பிரிப்பது சில மணி நேரமும் ஒரு பூச்சும். சுண்ணாம்பு மெலிதாகப் படிந்தாலோ, கழுவாத கலயம் ஒன்று கலந்தாலோ, இறக்கிய சாறு வெயிலில் காத்திருந்தாலோ, பதநீர் தானாகவே நுரைக்கும். நொதித்தலை நிறுத்தும் மருந்து சேர்க்காமல் எடுத்துச்செல்லும் மாதிரி, சோதனைக்கூடத்தை அடையும்போது எடுத்தபோது இருந்த பொருளாக இராது. சுண்ணாம்பு மிகுந்தால் வெல்லம் கெடும். குறைந்தால் வழக்கு வரும். அடுப்புக்கு விறகும் காய்ச்சக் கடாரமும் அதற்கான உழைப்பும் தேவைப்பட்டன. அவ்வுழைப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின்மேல் விழுந்தது. குடிப்பழக்கத்தால் குலைந்த குடும்பங்கள் மதுவிலக்கால் பெற்ற அமைதியும் மெய். மரமேறியின் வீட்டில் அணைந்த அடுப்பும் மெய். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதே வரலாற்றாசிரியர் கடமை.

போர்க்காலத்தில் தளர்த்தப்பட்ட மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. மதுவிலக்குச் சட்டமும் உடன் சென்றது. மதுவிலக்கை ஆராய அமைக்கப்பட்ட ராமமூர்த்தி குழு அதைக் கைவிடப் பரிந்துரைத்தது. மரமேறிகள் போராடினர். 1954 நவம்பரில் டி. பிரகாசத்தின் அமைச்சரவை, மதுவிலக்குக் கொள்கையை முன்னிட்டு வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஒரே வாக்கு வேறுபாட்டில் வீழ்ந்தது. மொழிவழி மாநிலக் கோரிக்கையின் முதற்கனியாகப் பிறந்த அரசு ஓராண்டு கடந்த நிலையில் கவிழ்ந்ததற்குக் கள் இறக்குவோரின் வாழ்வுரிமைச் சிக்கல் காரணமாயிற்று என்பது, மாநிலப் பிரிவினை பற்றிய நம் பாடநூல்களில் போதிய இடம் பெறாத செய்தி.

1960 ஏப்ரல் 1 அன்று, படாஸ்கர் தீர்ப்பின் வழி, பழைய கார்வேட்டிநகர ஜமீனைச் சேர்ந்த திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மாறியது; கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றது. ஒரே ஜமீனின் பனைகள் அன்றுமுதல் இரண்டு சட்டங்களின் கீழ் நின்றன. ஆந்திரப் பிரதேசம் 1968ஆம் ஆண்டின் ஆயத்தீர்வைச் சட்டத்தின் வழி கள்ளை மீண்டும் உரிமத்துக்குரிய தொழிலாக்கியது. மரமேறிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தனி மரமேறிகளுக்கும் மரங்கள் ஒதுக்கப்படும் முறை வளர்ந்தது. தமிழ்நாட்டில் 1981இல் திறந்த கள்ளுக்கடைகள் 1987 ஜனவரி 1 முதல் மூடப்பட்டன. 1983இல் தொடங்கிய டாஸ்மாக் நிறுவனம் 2003இல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்தது. அதன் கடைகளில் பீர் கிடைக்கும், கள் கிடைக்காது.

இந்த ஏற்பாட்டை அரசியல் தந்திரமாகவோ ஆலை முதலாளிகளின் செல்வாக்காகவோ விளக்குவது வழக்கம். அவ்விளக்கங்களில் உண்மை இருக்கலாம். அவற்றுக்கு அடியில் பொருளின் தன்மை சார்ந்த ஒரு காரணமும் உண்டு. பீர், ஆலையில் நொதித்து முடிந்து, வடிகட்டிச் சூடாக்கப்பட்டு, புட்டிக்குள் அசைவற்று உறங்கும் பொருள். அதன் நுரையைப் புரதமும் கசப்பு அமிலமும் அடைத்த வாயுவும் பார்த்துக்கொள்ளும். கிடங்கு, ரசீது, தரக்கட்டுப்பாடு, வரி என யாவும் அந்த உறக்கத்தின்மேல் நிற்கின்றன. கள் உறங்காது. கள்ளை ஒழுங்குபடுத்த வேண்டுமெனில் மரத்தையும் மரமேறியையும் நம்பியாக வேண்டும். அந்த நம்பிக்கை பொய்த்த இடங்களும் உண்டு. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மரத்துக் கள்ளின் பெயரால் குளோரல் ஹைட்ரேட், டயசிபாம் முதலிய மயக்கப் பொருள்கள் கலந்த நீர் விற்கப்பட்டதும், அதற்கு அடிமையானோர் அது கிடைக்காதபோது மருத்துவமனைகளை நிறைத்ததும் பதிவான செய்திகள். அங்கே நுரை ஒரு சான்றாக இல்லாமற் போயிற்று. தலைமுறைகளாகக் கள்ளின் வயதைச் சொல்லிவந்த கடிகாரம், கலயத்தில் மாத்திரை கரைந்திருப்பதைச் சொல்லாது.

கார்வேட்டிநகரத்தையும் திருத்தணியையும் ஒப்பிட்டு ஆராய முற்படும் மாணவருக்கு இவ்வட்டாரம் அரிய வாய்ப்பை வைத்திருக்கிறது. மண்ணும் மழையும் மரமும் ஒன்று, ஜமீன் ஒன்று, 1960 வரை நிர்வாகமும் ஒன்று. அதன் பின் ஒரு பக்கம் கள்ளை உரிமத்துக்குள்ளும் மறுபக்கம் குற்றத்துக்குள்ளும் வைத்தது. இரு பக்கங்களிலும் பனைகள் எத்தனை எஞ்சின, மரமேறும் குடும்பங்கள் எத்தொழிலுக்குச் சென்றன, பனைவெல்லச் சங்கங்கள் எவ்வளவு காலம் நின்றன, வழக்குப் பதிவேடுகளில் கலயத்தைக் கைப்பற்றிய நேரமும் மாதிரியைச் சோதித்த நேரமும் எவ்வளவு இடைவெளியில் உள்ளன என்பவை ஆவணக் காப்பகங்களிலும் கள ஆய்விலும் தேடப்பட வேண்டியவை. இவற்றுள் இறுதிக் கேள்வி சிறிதாகத் தோன்றலாம். பதநீரோடு பிடிபட்ட ஒருவர் கள்ளோடு தண்டிக்கப்பட்டாரா என்பதற்கான விடை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.